நடுகல்லும் நீலன் சிலையும்

கல் நடுதல் தமிழர்க்குப் புதிதன்று. களத்தில் வீழ்ந்த மறவனுக்கு மலையினின்று கல்லெடுத்து, அதனை நீராட்டி, அவன் பெயரையும் செயலையும் அதன்கண் பொறித்து, ஊர்கூடி நட்டு, படையலிட்டு வாழ்த்திய இனம் நம் இனம். தொல்காப்பியர் அந்நிகழ்ச்சியைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துப் புறத்திணையியலுள் வைத்தார். இலக்கண நூலுக்குள்ளேயே கல் நடும் முறைக்கும் இடங்கொடுத்த மொழி நம் மொழி.

அத்தகைய மண்ணில், அதன் தலைநகரின் நடுச்சாலையில், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் ஒரு வெண்கல வார்ப்பு தலைநிமிர்ந்து நின்றது. அது நம்மைக் காத்தவனுடையது அன்று. நம்மவரால் நடப்பெற்றதும் அன்று. நம்முள் எவரும் அதனை வாழ்த்தியதும் இல்லை. அதுதான் கும்பினிப் படைத்தலைவன் சேம்சு நீல் என்பானின் சிலை. நம் மக்கள் அவனை 'நீலன்' என்றே வழங்கினர். அச்சிலை நின்ற கதையும் அகன்ற கதையும் நம் இளைஞர்க்கு இன்று தெரியா. தெரியாதது இளைஞர் குற்றம் அன்று. சொல்லவேண்டியவர் சொல்லாத குற்றம்.

யார் இந்த நீலன்? இசுக்காத்துலாந்து நாட்டின் ஏர் என்னும் நகரையடுத்து 1810-ஆம் ஆண்டு பிறந்தவன். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையிற் சேர்ந்து, சென்னை ஐரோப்பியத் துமுக்கிப் படைக்குத் தலைவனாக உயர்ந்தவன். பெயரிலே 'சென்னை' இருந்ததே ஒழிய, அப்படையில் இருந்தோர் வெள்ளையரே. 1857-ஆம் ஆண்டு வடபுலத்தில் கும்பினியாட்சிக்கு எதிராக நாட்டுப் படைஞர் கிளர்ந்தெழுந்தபோது, சென்னையிலிருந்து கப்பலேறிக் கொல்கத்தாவிற் சென்றிறங்கியது அப்படை. அவுரா நிலையத்தில் தன் படைஞர் வந்து சேருமுன்னே தொடர்வண்டி புறப்படவிருந்ததாகவும், நிலையத்தாரைக் காவலில் வைத்து அவன் வண்டியை நிறுத்தியதாகவும் ஆங்கிலேயர் பெருமையோடு எழுதி வைத்துள்ளனர். துணிவுடையான் என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று அது. அத்துணிவு எங்குச் சென்று எதனைச் செய்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

சூன் திங்கள் முதற்கிழமையில் அவன் காசி நகரில் இருந்தான். சூன் 11-ஆம் நாள் அலகாபாத்துக் கோட்டையை அடைந்தான். அதன்பின் அந்நகரிலும் அதன் சூழலிலும் நடந்தது போரன்று, வேட்டை. போர்க்கோலம் பூணாத ஊர்மக்கள் முறைமன்ற உசாவலின்றித் தூக்கிலிடப்பட்டனர். சாலையோர மரக்கிளைகளே தூக்குமரங்களாயின. சிற்றூர்கள் எரியூட்டப்பட்டன. அங்கிருந்து கான்பூர் நோக்கி முன்படையாக அனுப்பப்பட்ட இரெனோ என்னும் படைத்தலைவனிடம் நீலன் எழுத்துவடிவிலேயே கட்டளை கொடுத்தனுப்பினான். வழியிலுள்ள இன்னின்ன ஊர்களை அழிக்கவேண்டும். அவற்றிலுள்ள ஆடவரைக் கொல்லவேண்டும். பதேப்பூர் நகரில் பட்டாணியர் வாழும் பகுதியை அங்குள்ளாரோடு சேர்த்து ஒழிக்கவேண்டும் என்பன அதிலிருந்த செய்திகள். இவற்றை நாம் கற்பனையாகக் கூறவில்லை. அக்கிளர்ச்சியின் வரலாற்றை விரித்தெழுதிய சான் கேயி என்னும் ஆங்கிலேயரே தம் நூலில் பதிந்து வைத்துள்ளார்.

பின்னர்க் கான்பூர். அந்நகரில் பீபிகர் என்னும் மனையில் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஆங்கிலப் பெண்டிரும் குழந்தைகளும் நூற்றுக்கு மேற்பட்டோர் சூலை 15-ஆம் நாள் கொல்லப்பட்டனர். அது கொடுமையே. அதனை மறைப்பதும் மழுப்புவதும் நம் வேலையன்று. யார் செய்யினும் கொலை கொலையே. அதிலும் ஏதிலராகிய பெண்டிரையும் பிள்ளைகளையும் கொல்வது எவ்வறத்தாலும் பொறுக்கப்படாதது. சில நாள்களில் அங்குப் போய்ச்சேர்ந்த நீலன், சூலை 25-ஆம் நாள் ஒரு கட்டளை பிறப்பித்தான். கொல்லப்படவிருப்பவன் ஒவ்வொருவனும் தூக்கிலேற்றப்படுமுன் அம்மனைக்குள் கொண்டுசெல்லப்பட்டு, தரையில் உறைந்துகிடந்த குருதியின் ஒரு பகுதியைத் தன் கையால் துடைக்கவேண்டும், மறுப்பவனுக்குச் சாட்டையடி, துடைத்தபின் தூக்கு. நாவால் நக்கச் செய்ததாகவும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளனர். உயிரைப் பறிப்பது மட்டும் அவன் நோக்கம் அன்று. சாகின்றவன் தன் சமயத்தையும் சாதியையும் இழந்து, மறுமையும் அழிந்ததென நம்பி உளம் நொறுங்கிச் சாகவேண்டும் என்பதே அவன் நோக்கம். அதனை அவனே தன் மடல்களில் வெளிப்படையாக எழுதினான்.

இங்கே ஒன்றனைக் கூர்ந்து நோக்கவேண்டும். நீலனுக்காக வழக்காடுவோர் எல்லாரும், "கான்பூர்க் கொலையைக் கண்டு உள்ளம் கொதித்து அவன் அவ்வாறு செய்தான், அது பழிக்குப் பழி" என்பர். நாள்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். அலகாபாத்தில் அவன் ஊரெரித்ததும், இரெனோவிடம் கட்டளை கொடுத்ததும் சூன் திங்களில். பீபிகர்க் கொலை நடந்தது சூலை நடுவில். விளைவு முன்னும் வினை பின்னுமாக எங்கேனும் நிகழுமோ? கான்பூர்க்குப் பிந்திய கொடுமைக்குப் 'பழி' என்று பெயர் சூட்டலாம். கான்பூர்க்கு முந்திய கொடுமைக்கு என்ன பெயர் சூட்டுவர்? ஊர்கள் எரிக்கப்பட்ட செய்தியும், கொன்றுகொண்டே முன்னேறும் படையின் செய்தியும் கான்பூரை முன்னரே எட்டியிருந்தன என்பதையும் நினைவிற் கொள்க.

அவ்வாண்டு செபுதம்பர் 25-ஆம் நாள் இலக்குனோ நகர்த் தெருப்போரில் குண்டடிபட்டு, தன் 47-ஆம் அகவையில் நீலன் மாண்டான். இங்கிலாந்து அவனை மாவீரன் எனக் கொண்டாடியது. பிறந்த மண்ணாகிய ஏர் நகரில் ஒரு சிலை. படையிற் பணியாற்றிய சென்னையில் ஒரு சிலை. இரண்டையும் வடித்தவர் மாத்தியூ நோபிள் என்னும் ஆங்கிலச் சிற்பியார். சென்னைச் சிலை 1860-ஆம் ஆண்டையொட்டி, மவுண்டுரோடு என அந்நாளில் வழங்கிய அண்ணா சாலையில், இசுபென்சர் வாணிக நிலையத்தையடுத்த சந்தியில் நிறுத்தப்பெற்றது. வங்காளத்துக் கலகப் பெருவெள்ளத்தை முதன்முதல் தடுத்து நிறுத்தியவன் என அதன் அடிமேடையில் பொறித்தனர். அவ்வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணை எத்தனை உடல்களால் ஆயது என்பதைப் பொறிக்கவில்லை.

நம் நடுகல் மரபை அளவுகோலாகக் கொண்டு இச்சிலையை அளந்து பார்ப்போம். நடுகல்லுக்கு மூன்று உயிர்நிலைகள் உண்டு. முதலாவது, அவன் எதற்காக மாண்டான் என்பது. ஆநிரை கவரப்பட்டபோது அதனை மீட்கப் போய் மாண்டவன், ஊர் அழியாமற் காத்து மாண்டவன், புலியொடு பொருது மாண்டவன் எனத் தன் ஊர்க்கும் தன் குடிக்கும் உயிர் கொடுத்தவனுக்கே கல். இரண்டாவது, எவர் நட்டனர் என்பது. அவனால் காக்கப்பட்டவர் நட்டனர். மூன்றாவது, எவர் வாழ்த்தினர் என்பது. வழிவழி வந்த ஊரார் வாழ்த்தினர். ஆறு நிலைகளில் இறுதி நிலை வாழ்த்தலே. வாழ்த்துவார் இல்லாத கல், கல்லாகவே நின்றுவிடும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. களத்தில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் மறவனோடு, அவனைப் பிரியாது காத்து நின்ற நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லிலே வெட்டி வைத்தனர். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முற்பட்ட ஒரு நாயின் பெயர் நமக்கு இன்று தெரிகிறது. காரணம் என்ன? அது தன்னை வளர்த்தவனுக்கு உண்மையாக நின்றது. ஊரார் அதனை நன்றியோடு நினைந்தனர். நன்றி எழுதிய கல் அது. அச்சம் ஊட்ட நட்ட கல் அன்று.

நீலன் சிலையோ முற்றும் மாறானது. அவன் மாண்டது கும்பினியின் ஆட்சிக்காக. அவனுக்குச் சிலையெடுத்தோர் அவ்வாட்சியால் வாழ்ந்த வெள்ளையர். வாழ்த்தியோரும் அவர்களே. அவ்வழியே நாளும் நடந்துபோன வண்டிக்காரனும் கூலியாளும் பள்ளிச் சிறுவனும் அச்சிலையைப் பார்க்கவேண்டும். பார்த்து, 'எழுந்தால் இதுதான் நேரும்' என உணரவேண்டும். அதற்காகவே அது நடுச்சாலையில் நின்றது. ஏர் நகரில் நிற்கும் நீலன் சிலை அந்நகரார்க்கு ஒருகால் நடுகல்லாகலாம். அதனை வைப்பதும் எடுப்பதும் அவர்தம் மனச்சான்றைப் பொறுத்தது. சென்னையில் நின்ற நீலன் சிலை நடுகல் அன்று; நட்டுவைத்த சாட்டை.

அச்சாட்டையைத் தமிழர் வாளாவிருந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1927-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அச்சிலையை அகற்றக்கோரிப் போர் தொடங்கிற்று. தென்பாண்டி நாட்டிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் சென்னைக்கு வந்தனர். சிலையைச் சிதைக்கச் சுத்தியலும் கோடரியும் ஏந்திச் சென்றோர் தளைப்படுத்தப்பட்டனர். திருநெல்வேலிச் சோமயாசுலு அப்போரை முன்னின்று நடத்தினார். ஒரு குழு சிறைபுகும், மறுகுழு புறப்படும். கடலூர் அஞ்சலை அம்மாள், ஒன்பது அகவையே நிரம்பிய தம் மகள் அம்மாக்கண்ணுவையும் உடனழைத்துக்கொண்டு அப்போரிற் கலந்து சிறை சென்றார். அவ்வாண்டு தமிழ்நாட்டில் சுற்றுச்செலவு செய்த காந்தியடிகள் போரின் நோக்கத்தை ஏற்றார். வன்முறை கலவாத அறப்போராக அது நடைபெறவேண்டும் என்பதை வலியுறுத்தினார். பின்னாளில் அம்மாக்கண்ணுவைத் தம் வார்தா நிலையத்துக்கு அழைத்துச் சென்று, லீலாவதி எனப் பெயரும் மாற்றினார். அம்மாவின் கண்ணாக விளங்கிய தமிழ்ப் பெயருக்கு என்ன குறை நேர்ந்தது என்பது நமக்கு விளங்கவில்லை. வெள்ளையன் சிலையை அகற்றப் போன சிறுமி தன் பெயரை இழந்து வந்தாள். அதுவும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

இளைஞராயிருந்த காமராசரும் அப்போருக்குத் தலைமையேற்க முன்வந்து காந்தியடிகளின் இசைவு பெற்றிருந்தார். சைமன் குழுப் புறக்கணிப்பு முன்னுக்கு வரவே அது கைகூடாது போயிற்று. இதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. நீலன் தலைமை தாங்கிய அப்படைப்பிரிவு, கும்பினி ஒழிந்தபின் இங்கிலாந்தின் அரசப் படையோடு சேர்க்கப்பட்டு, 1881-இல் தப்ளின் பெயர்தாங்கிய அயர்லாந்துப் படையாக மாற்றப்பட்டு, அயர்லாந்து விடுதலை பெற்ற 1922-ஆம் ஆண்டிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. படை மறைந்து ஐந்தாண்டு கழிந்த பின்னும் படைத்தலைவன் சிலை மட்டும் நம் சாலையில் காவல் நின்றது! அதனைக் காக்க நம்மவரையே நம்மவர் சிறையிட்டனர்.

போர் ஓய்ந்தது, ஆனால் கோரிக்கை ஓயவில்லை. 1937-இல் இராசாசி தலைமையில் பேராயக் கட்சி அமைச்சரவை அமைந்தபின் சிலை சாலையிலிருந்து அகற்றப்பட்டது. பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. சிறை சென்றோர் கேட்டது பத்தாண்டு கழித்து ஒரு கையெழுத்தில் நிறைவேறிற்று. கையெழுத்திட்டவர் பெயரை நூல்கள் கூறும். சிறை சென்றவருள் எத்தனைப் பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்?

இனி, இதற்கு எதிராக எழுப்பப்படும் தடைகளைப் பார்ப்போம்.

"வீரன் எந்நாட்டவனாயினும் வீரனே, பகைவன் மறத்தையும் பாராட்டிய தமிழர், நீலனைப் பழிக்கலாமா?" என்பது ஒன்று. பகைவன் மறத்தைத் தமிழர் பாராட்டியது உண்மையே. ஆனால் தமிழர் போருக்கு ஒரு வரம்பு கட்டியிருந்தனர். நெட்டிமையார் பாடிய 9-ஆம் புறப்பாட்டைப் படித்தவர் அதனை அறிவர். போர் தொடுக்குமுன் ஆநிரையும், அந்தணரும், பெண்டிரும், பிணியுடையாரும், மக்கட்பேறு இல்லாதாரும் பாதுகாப்பான இடம் நோக்கிச் செல்லுமாறு அறிவிக்கும் முறையை முதுகுடுமியின்மேல் ஏற்றிப் பாடுகிறது அப்பாட்டு. எல்லாப் போரிலும் எல்லா வேந்தரும் அதனைக் கடைப்பிடித்தனர் என்று யாம் கூற வரவில்லை. ஊரை எரித்த வேந்தரையும் நம் புலவர் பாடியுள்ளனர். எனினும், இதுதான் உயர்ந்த முறை என அளவுகோல் ஒன்று இருந்தது. அவ்வளவுகோலால் அளந்தால் நீலன் மறவன் வரிசையில் நில்லான். ஏதிலரை ஊரோடு எரிப்பது மறம் அன்று. சாகின்றவன் நம்பிக்கையைச் சிதைத்து மகிழ்வது மறம் அன்று.

"அவன் படைஞன், மேலோர் கட்டளைக்குப் பணிந்தான்" என்பது மற்றொன்று. கான்பூர்க் கட்டளை மேலிருந்து வந்ததன்று; அவனே வகுத்தது. அவன்மேல் அதிகாரம் பூண்ட ஆவ்லாக்கு என்னும் படைத்தலைவனோடு அவனுக்கு அங்கே பிணக்கும் இருந்தது. கட்டளைக்குப் பணிந்தவன் என்னும் போர்வை அவனுக்குப் பொருந்தாது.

"சிலையை அகற்றுவது வரலாற்றை அழிப்பதாகாதா?" என்பது மூன்றாவது, இக்காலத்தில் பெரிதும் கேட்கப்படுவது. 2020-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள், அடிமை வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய எட்வர்டு கோல்சுடன் என்பாரின் சிலையைப் பிரிசுடல் நகர மக்களே பெயர்த்துத் துறைமுக நீரில் தள்ளியபோது, இங்கிலாந்து முழுவதும் இக்கேள்வி ஒலித்தது. தமிழர் இதற்கு 1937-லேயே விடை கண்டுவிட்டனர். சிலையை உடைக்கவில்லை, உருக்கவில்லை, கடலில் எறியவில்லை. வாழ்த்தும் இடத்திலிருந்து எடுத்து ஆராயும் இடத்தில் வைத்தனர். சாலை என்பது வாழ்த்தும் இடம். அருங்காட்சியகம் என்பது ஆராயும் இடம். சாலையில் நிற்கும் சிலை, 'என்னைப் போற்று' என்கிறது. அருங்காட்சியகத்தில் நிற்கும் சிலை, 'நான் யார் என்று கேள்' என்கிறது. வரலாறு அழியவில்லை, வரலாற்றுக்குத் தக்க இடம் கிடைத்தது.

அயலவன் சிலை என்பதற்காகவே எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எறிக என்று யாம் கூறவில்லை. ஆய்ந்து எடையிடல் அறிவுடையார் கடன். அதே சாலையின் வடகோடியில், தீவுத்திடலையொட்டி, 1839-ஆம் ஆண்டு முதல் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார் தாமசு மன்றோ. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை அது. வடித்தவர் சாண்ட்ரி என்னும் சிற்பியார். மன்றோவும் படைஞரே, ஐதரலியோடும் திப்புவோடும் கும்பினி நடத்திய போர்களிற் பொருதவரே. நம் நாட்டைக் கும்பினிக்கு வரிநிலமாக்கிய ஏற்பாட்டில் அவர் பங்கு பெரிது. சேலம், தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளாகிய பாராமகாலில் அவ்வேலையை அவர் பயின்றார். எனினும், 1827-இல் அவர் பட்டிக்கொண்டாவில் வாந்திபேதியால் மறைந்தபின், தெலுங்கு நாட்டின் இராயலசீமைப் பகுதியில் மக்கள் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டினர். அவர் ஆளுநராயிருந்தபோது, 1822-இல், இம்மாகாணத்தில் எத்தனைப் பள்ளிகள் உள என்று கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகள் இருந்தமை அக்கணக்கால் வெளிப்பட்டது. வெள்ளையன் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தான் என்பாரின் வாயை அடைக்க அவ்வெள்ளையரின் கணக்கே நமக்கு இன்றும் கருவியாகின்றது. மன்றோவை நாம் வாழ்த்தவேண்டுவதில்லை. ஆனால் நீலனோடு ஒரே கயிற்றில் கட்டவும் வேண்டுவதில்லை. அச்சிலை நிற்கட்டும், நிற்குமிடத்தில் அவர் வாங்கிய வரியும், எடுத்த கணக்கும் இரண்டும் தமிழில் எழுதப்படட்டும்.

கோட்டை அருங்காட்சியகத்திலுள்ள காரன்வாலிசு சிலையையும் பாருங்கள். அதன் அடிமேடைப் புடைப்புருவத்தில், 1792-இல் திப்புவின் மக்கள் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. தந்தையை வெல்லப் பிள்ளைகளைப் பிணைகொண்டதையே பெருமையெனச் செதுக்கியவர் மனப்பாங்கை அறிய, அச்சிலை அருங்காட்சியகத்தில் இருந்தே ஆகவேண்டும். வருங்காலத்தார்க்கு அதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

சிலையை விட நெடுநாள் நிற்பது பெயர். அந்தமானில் ஒரு தீவுக்கே நீலன் பெயரை இட்டிருந்தனர். அவனோடு பிணங்கிய ஆவ்லாக்குக்கு அருகிலேயே மற்றொரு தீவு! சிலை சாலையிலிருந்து நீங்கி எண்பதாண்டு கழிந்து, 2018-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில்தான் அப்பெயர்கள் மாற்றப்பட்டன. 1943-இல் நேதாசி கருதிய பெயர்களைத் தழுவி, நீலன் தீவு 'சாகீத் துவீப்' ஆயிற்று. நீலன் பெயர் ஒழிந்தது நன்றே. ஆனால் அங்கே வாழும் தமிழரும் வங்காளியரும் பழங்குடியினரும் தத்தம் மொழியில் அதனை எவ்வாறு அழைப்பர் என எவரும் எண்ணிப் பார்த்தார்களா? ஒரு பெயரை எடுப்பது பாதி வேலை. எப்பெயரை வைப்பது என்பதே மீதி வேலை.

அன்பர்களே! இதுகாறும் அயலவன் நட்ட சிலையைப் பற்றிப் பேசினோம். நாம் நடுகின்ற சிலைகளைப் பற்றியும் பேசாவிடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது.

வகுப்பறையில் புறத்திணையியல் நடத்தும் ஆசிரியர் அனைவரும் இதனை அறிவர். ஆறு நிலைகளையும் மாணவன் தேர்வுக்காக மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவான். 'வாழ்த்தல் ஏன் கடைசியில் வந்தது?' என்று கேட்டால் விழிப்பான். அவன் விழிப்பதில் வியப்பென்ன? அவன் ஊர்ச் சந்தியில் நிற்கும் சிலை இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறது. இந்நாட்டு மக்கள் அனைவர்க்கும் உழைத்த பெரியோர்களை ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொருவராகப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் நட்ட சிலையை மற்றவர் சிதைப்பர் என அஞ்சி, கம்பி வலையிட்டு, காவலரை நிறுத்தி, பிறந்தநாளில் மட்டும் பூட்டைத் திறந்து மாலையிடுகின்றோம். ஊர்கூடி நடுவது நடுகல். ஊரைப் பிரித்து நடுவது எதுவாகும்? நீலன் சிலைக்குக் காவல் நின்றது அயலாட்சி. நம் பெரியோர் சிலைகளுக்குக் கூண்டு கட்டியவர் யார்? நாம்தாம். அயலவன் சிலையை அகற்றும் உரிமை நமக்குண்டு எனின், நம் சிலையைக் கூண்டிலிருந்து விடுவிக்கும் கடமையும் நமக்கே உண்டு.

ஆகவே, செய்யவேண்டுவன மூன்று.

ஒன்று: எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள நீலன் சிலையின்முன், அவன் யார், என்ன செய்தான், எவர் அவனை இங்கு நட்டனர், எவர் அகற்றினர் என்னும் நான்கு கேள்விக்கும் விடையை நல்ல தமிழில், பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் வேண்டும். சிற்பியின் பெயரும் வெண்கலத்தின் உயரமும் போதா. பார்க்க வரும் சிறுவன் அச்சிலையை வெறும் அழகிய பொம்மை எனக் கருதித் திரும்புவானாயின், 1927-இல் சிறை சென்றவர் உழைப்பு வீணாகும்.

இரண்டு: அண்ணா சாலையில் அச்சிலை நின்ற சந்தியில், அப்போரிற் சிறைபுகுந்தோர் பெயர்களை ஒன்றுவிடாது பொறித்து ஒரு கல் நடுதல் வேண்டும். வானளாவிய வெண்கலம் வேண்டா, பொன்முலாம் வேண்டா, அமைச்சர் பெயர் அதில் வேண்டவே வேண்டா. ஆளுயரக் கருங்கல் ஒன்று போதும். காவல்மன்ற ஆவணங்களிலும் சிறைப் பதிவேடுகளிலும் அந்நாளைய செய்தித்தாள்களிலும் அப்பெயர்கள் உறங்குகின்றன. வரலாறு பயிலும் கல்லூரி மாணவர் சிலர் ஒரு கோடை விடுமுறையைச் செலவிட்டால் பட்டியல் திரண்டுவிடும். அப்பட்டியலில் ஒன்பது அகவைச் சிறுமியின் பெயர், தாய் இட்ட பெயராகிய அம்மாக்கண்ணு என்றே பொறிக்கப்படல் வேண்டும்.

மூன்று: ஆசிரியர் கடமை. கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலேறியதையும், மருதிருவர் 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலேறியதையும், 1806-இல் வேலூர்க் கோட்டையில் நாட்டுப் படைஞர் எழுந்ததையும் சொல்லிக்கொடுக்கும் நாம், அவ்வரிசையில் 1927-இல் ஒரு வெண்கலச் சிலையை எதிர்த்துத் தொண்டர்கள் சிறைபுகுந்ததையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். பீரங்கியை எதிர்ப்பது ஒரு மறம். 'நீ என்றும் அடிமையே' எனச் சாலையில் நின்று நாளும் சொல்லிக்கொண்டிருக்கும் வெண்கலத்தை எதிர்ப்பதும் மறமே. முன்னது உடலை அடிமைப்படுத்துவானோடு பொருவது. பின்னது உள்ளத்தை அடிமைப்படுத்துவானோடு பொருவது.

ஓர் இனம் எவரைப் போற்றுகிறது என்பதை அதன் கற்கள் சொல்லும். எவரைப் போற்ற மறுத்தது என்பதை அது அகற்றிய கற்கள் சொல்லும். அகற்றவேண்டியதை நம் முன்னோர் சிறை சென்று அகற்றிவிட்டனர். நடவேண்டியதை நடுவது நம் பங்கு. கல் எடுங்கள், அவர்தம் பெயர் பொறியுங்கள், ஊர்கூடி நடுங்கள், கூண்டு வேண்டா.